பின்பனி இறுதியும் இளவேனில் தொடக்கமும்: நீலமலை தரும் சான்று

பொருளிலக்கணம் பற்றிய ஆய்வுரைகளுள் பெரும்பொழுது கூறும் பகுதி பெரும்பாலும் ஓர் அட்டவணையோடு முடிந்துவிடுகின்றது. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இவ்வட்டவணையை வரைந்தபின், சங்கச் செய்யுளில் வரும் பருவக் குறிப்புகளை அதனுள் பொருத்திக் காட்டுவதே ஆராய்ச்சி என்று மாணவர் கருதுகின்றனர். பொருந்தாதன 'புலனெறி வழக்கு' என்னும் சொல்லால் ஒதுக்கப்படுகின்றன. பங்குனித் திங்களில் மதுரையிலோ தஞ்சையிலோ இருப்பவர் எவரும் அதனைப் பனிக்காலம் என்று கூறத் துணியார். ஆயினும் அட்டவணை அவ்வாறே கூறுகின்றது. நாமும் அவ்வாறே எழுதி வருகின்றோம்.

இம்முரண்பாட்டை ஆராய்வதற்குச் சமவெளி ஏற்ற இடமன்று. சமவெளியில் ஒரு பருவம் மற்றொன்றாக மாறும் எல்லை கண்ணுக்குப் புலனாவதில்லை. உயர்மலையில் அது புலனாகும். புல்லின்மேல் உறைபனி விழுதல் நின்ற நாள் எது, சோலையில் தளிர் தோன்றிய நாள் எது, முதல் இடிமழை பெய்த நாள் எது என்று அங்கு வாழ்வோர் சுட்டிக் கூற இயலும். ஆதலின், தமிழகத்து மலைகளுள் மிக உயர்ந்ததும், காலநிலை பற்றிய குறிப்புகள் ஏறத்தாழ 200 ஆண்டுகளாக எழுதப்பெற்று வருவதுமாகிய நீலமலையை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். தொல்காப்பியர் அகத்திணையியலில் முல்லைக்குக் காரும், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் அதனோடு பின்பனியும் உரியன என்றார். மருதத்திற்கும் நெய்தலுக்கும் பெரும்பொழுது வரைந்து கூறிற்றிலர். எந்தப் பருவம் எந்தத் திங்களில் தொடங்கும் என்பதை அவர் யாண்டும் கூறவில்லை. திங்கள்களைப் பகுத்துரைத்தவர் உரையாசிரியர்களே. ஞாயிறு சிங்க ஓரையில் புகும் ஆவணியை ஆண்டின் தலையாகக் கொண்டு எண்ணியவர் நச்சினார்க்கினியர். நெடுநல்வாடையிலோ விண்மீன் வழியைக் குறிக்குமிடத்து மேடமே முதலாக வைக்கப்பட்டுள்ளது. இவ்விரு கணக்குகளின் தொடர்பு பற்றிய வாதம் பழையது. அதனுள் யாம் புகவில்லை. நமக்கு வேண்டுவது ஒன்றே. அட்டவணை நூலின்கண் இல்லை, உரையின்கண் உள்ளது. உரை தோன்றிய காலத்து வான்கணக்கு அதனுள் இருக்கின்றது.

அக்கணக்கு இன்று எவ்வளவு விலகியிருக்கின்றது என்பது எளிதில் கண்டறியத்தக்கது. நம் பஞ்சாங்கம் விண்மீன்களை அடிப்படையாகக் கொண்ட ஆண்டினைப் பின்பற்றுகின்றது. பருவங்களோ ஞாயிறு நிலநடுக்கோட்டைக் கடக்கும் நாளைப் பற்றியன. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே உள்ள சிறு வேறுபாட்டால், 60 முதல் 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம், தமிழ்த் திங்கள்கள் பருவத்தினின்று பின்தள்ளிப் போகின்றன. ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன்னர்ச் சித்திரை முதல் நாளும், பகலும் இரவும் ஒத்து நிற்கும் நாளும் ஒன்றாகவே இருந்தன. இன்று சித்திரை பிறப்பது ஏப்ரல் 14-ஆம் நாளை ஒட்டி. சமநாளோ மார்ச்சு 20 அல்லது 21. இடைவெளி ஏறத்தாழ 24 நாள். நச்சினார்க்கினியர் வாழ்ந்ததாகக் கருதப்படும் 14-ஆம் நூற்றாண்டில் சித்திரை, பருவத்தை நோக்க, இன்றைக்குப் பத்து நாள் முன்னதாகவே பிறந்திருக்கும். சங்கச் செய்யுட்கள் பாடப்பெற்ற காலத்திலும் இவ்வோரைத் திங்கள்களே வழங்கின எனக் கொள்ளின், பங்குனியின் இறுதி மார்ச்சுத் திங்களின் நடுவில் வந்து முடியும். பின்பனி என்பது இக்காலக் கணக்கில் சனவரி நடுவிலிருந்து மார்ச்சு நடுவரை என்றாகும். அங்ஙனமாயின் பின்பனிக்கும் பனிக்கும் உள்ள உறவு மீண்டும் உயிர்பெறுகின்றது.

இனி நீலமலையை நோக்குவோம். உதகமண்டலம் கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. தொட்டபெட்டாச் சிகரம் 2637 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் காற்றின் வெம்மை ஆறு பாகைக்கு மேல் குறையும் என்னும் பொதுக்கணக்கின்படி, மதுரைக்கும் உதகைக்கும் வேறுபாடு பதினான்கு பாகை வரை ஆகலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்தபின், நவம்பர் இறுதி முதல் பெப்ரவரி வரை, மலைமேல் வறண்ட காற்று நிலவும். முகில் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வெளியே விட்டுக் குளிர்கின்றது. குளிர்ந்த காற்று கனமுடையதாகலின் சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்குகளில் தேங்குகின்றது. அதனாற்றான் குன்றின் உச்சியைக் காட்டிலும் அடிப்பள்ளத்தில் உறைபனி மிகுதி. மலைவாணர் முதலில் விழுவதை நீர்ப்பனி என்றும், பின்னர்ப் புல்லை வெண்மையாக்குவதை உறைபனி என்றும் வேறுபடுத்துவர். பழைய செய்யுள் வழக்கில் பனி என்னும் ஒரு சொல்லே துளிக்கும், உறைந்த வெண்மைக்கும், குளிருக்கும், நடுக்கத்திற்கும், கண்ணீருக்கும் நின்றது. மதுரையிலிருந்து உரை எழுதிய நச்சினார்க்கினியருக்கு இவ்வேறுபாட்டைப் பிரித்துக் கூறும் தேவை நேர்ந்திராது.

முன்பனி, பின்பனி என்னும் தொடர்களைப் பனிக்காலத்தின் முற்பகுதி, பிற்பகுதி என்று கொள்வாரும், இரவின் முற்பகுதியில் பனி விழுங் காலம், பிற்பகுதியில் விழுங் காலம் என்று கொள்வாரும் உளர். நீலமலை வானிலை இரண்டாவது பொருளுக்கு இடந்தருகின்றது. மார்கழியில் இரவு நீண்டிருத்தலின் முன்னிரவிலேயே புல் நனைந்துவிடும். இரவு குறுகக் குறுக, நிலம் உறைநிலையை எட்டுவது வைகறைக்குச் சிறிது முன்னரே. பெப்ரவரித் திங்களின் கடைநாள்களில் கதிர் எழுவதற்கு முன் ஒரு நாழிகை அளவே வெண்பனி நிற்பதும், வெயில் பட்டவுடன் நீராகி மறைவதும் அங்குள்ளார் அறிந்த காட்சி. இரு பொருளும் ஒரே நிகழ்ச்சியின் இரு கூறுகள் என்று கொள்வதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

இப்பனிக்கிடையேதான் மலையின் இளவேனில் தொடங்கிவிடுகின்றது. காட்டுப்பூவரசு குளிர் நீங்குமுன்னரே செம்மலர்க் கொத்துகளைத் தாங்கி நிற்கும். பெப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் சோலைக் காடுகளின் முகடு செந்தளிரால் மூடப்படுகின்றது; தொலைவிலிருந்து நோக்குவார்க்கு மரங்கள் பூத்தனவோ என்னும் ஐயம் எழும். அதே வேளையில் புல்வெளி கருகிப் பழுப்பு நிறமாகக் கிடக்கின்றது. ஏப்ரலில் இடியுடன் கூடிய மாலைமழை வந்தபின்னரே புல் பசுமையாகும். ஆகவே உயர்மலையில் இளவேனில் ஒரே நாளில் எங்கும் பரவுவதன்று. சோலைக்கு முன்னும் புல்வெளிக்குப் பின்னுமாக, ஒரு திங்களுக்கு மேற்பட்ட இடைவெளியோடு அது வருகின்றது. மாவும் குயிலும் ஆற்று அறலும் கொண்டு புலவர் புனைந்த இளவேனில் சமவெளியினது. அதனை மலைக்கு ஏற்றிக் கூறுதல் பொருந்தாது.

இனி, பின்பனி ஏன் பாலைக்கு உரியதாயிற்று என்னும் வினாவுக்கு வருவோம். குளிரோடு தொடர்புடைய ஒரு பருவத்தை வெம்மை மிக்க நிலத்திற்கு வைத்தது வியப்பே. பிரிவுத் துன்பத்தை மிகுவிக்கும் காலம் என்பது உரைவழி விடை, அது தவறன்று. ஆனால் மலையின் அடிவாரத்தை நோக்குவார்க்கு மற்றொரு விடையும் கிடைக்கின்றது. நீலமலையின் வடசரிவில் முதுமலையும் அதன் கிழக்கே சிகூர்ப் பகுதியும் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் மழைமறைவில் அமைந்தவை. அங்கே தேக்கும் நமையும் செறிந்த இலையுதிர்காடுகள் சனவரி முதல் ஏப்ரல் வரை இலையற்று நிற்கும். காட்டுத்தீ மிகுதியாகப் பரவுவதும் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையே. இலையெல்லாம் உதிர்ந்த கிளையில் இலவம் செந்நிறமாகப் பூப்பதும் அக்காலத்திலேதான். ஔவையார் பாடிய அகநானூற்றுப் பதினோராம் பாட்டு, பாலைத்திணைப் பாட்டு, இலையின்றி மலர்ந்த இலவத்தை விளக்கு நிரைக்கு ஒப்பிடுகின்றது. அக்காட்சி முதுவேனிலுக்கு உரியதன்று; இலவம் அதற்கு முன்னரே பூத்துக் காய்த்துவிடும். அட்டவணையைப் பருவத்திற்கேற்ப மேற்கூறியவாறு திருத்திக்கொண்டால் அது பின்பனியின் காட்சி, அல்லது பின்பனி வேனிலோடு கலக்கும் எல்லையின் காட்சி.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகத் திரியும் என்று இளங்கோவடிகள் காடுகாண் காதையில் உரைத்ததை நாம் பெரும்பாலும் கோடையின் கொடுமைக்கே உரியதாகப் படிக்கின்றோம். ஆனால் ஒரே மலையில், ஒரே திங்களில், மேலே புல்லின்மீது உறைபனியும், அதன் அருகே சோலையில் செந்தளிரும், கீழே சரிவில் இலையுதிர்ந்த மரமும் எரியுண்ட நிலமும் காணப்படுகின்றன. மேலிருந்து கீழே ஒரு நாள் நடைக்குள் குறிஞ்சியும் பாலையும் எதிர்ப்படும். பின்பனியைப் பாலைக்கு வைத்த இலக்கணம் இத்தகைய சரிவுகளைக் கடந்து வழிநடந்த மக்களின் அறிவைத் தன்னுள் கொண்டிருத்தல் கூடும். இதனை உறுதி என்று கூறவில்லை; ஆயின் வெறும் கற்பனை மரபு என்று தள்ளிவிடுவதைக் காட்டிலும் இது சான்றுகளோடு பெரிதும் இயைகின்றது.

இங்கு ஒரு தடை எழும். சங்கச் செய்யுள் கூறும் மலைகள் நீலமலை போன்ற உயர்மலைகளா? பறம்பு தாழ்ந்த குன்று. கொல்லி 1300 மீட்டர் அளவினது. தினைப்புனங்கள் பெரும்பாலும் உறைபனி விழும் எல்லைக்குக் கீழே இருந்திருக்கும். கண்டீரக் கோப்பெருநள்ளியின் தோட்டிமலையை நீலமலையொடு தொடர்புபடுத்துவார் உளர், அது கருத்தளவே. புறநானூற்றில் கடிய நெடுவேட்டுவனுக்கும் அகநானூற்றில் பண்ணிக்கும் உரியதாகக் கூறப்படும் கோடைமலை இன்றைய கொடைக்கானற் பகுதி என்னும் கருத்து வலிமையுடையது. அம்மலையின் மேற்பரப்பும் 2000 மீட்டருக்கு மேற்பட்டதே. ஆவியர் குடிப் பேகன் மழைவளம் மிக்க சாரலில் மயில் குளிரால் நடுங்கிற்றெனக் கருதிப் போர்வை அளித்த செய்தியும் அம்மலைத் தொடரையே சார்ந்தது. அதனைக் கொடைமடத்திற்கு எடுத்துக்காட்டாகவே கூறி வந்துள்ளோம். மலையில் குளிரென்பது என்ன என்று அறிந்த ஒருவன் செய்த செயலாகவும் அதனைக் கருதுதல் தகும். எவ்வாறாயினும், சங்கக் குறிஞ்சி முழுவதும் உறைபனி நிலம் என்று கூறுதல் மிகையாகும். நீலமலைச் சான்று எல்லையை அறியவே பயன்படும்.

குறிஞ்சிக்கு யாமம் சிறுபொழுதாக வைக்கப்பட்டமைக்கும் இத்தகைய அடிப்படை உண்டோ என்று வினவலாம். உதகையில் சனவரிப் பகலுக்கும் ஏப்ரல் பகலுக்கும் உள்ள வெம்மை வேறுபாடு சில பாகைகளே. ஆனால் சனவரியில் ஒரு நாளின் பகலுக்கும் இரவுக்கும் இடையே உள்ள வேறுபாடு அதனினும் பன்மடங்கு பெரிது. வெப்பமண்டலத்து உயர்மலைகள் அனைத்திற்கும் இது பொது இயல்பு. அங்கே ஆண்டு மாறுவதைக் காட்டிலும் நாள் மாறுவதே பெரிது. பெரும்பொழுதைச் சிறுபொழுது மேற்கொள்ளும் நிலம் அது. இரவுக்குறியின் இடர்ப்பாடுகளை விளக்கும் புலவர் யாமத்தைத் தேர்ந்தமைக்குக் களவொழுக்கமே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. நிலமும் அதற்குத் துணைநின்றது என்பதே எம் கருத்து.

நீலமலையின் பழங்குடியினர் இம்மாற்றத்தை எங்ஙனம் எண்ணினர் என்பது தமிழாராய்ச்சியில் இதுகாறும் இடம்பெறாத செய்தி. போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் தண்டநாயகன் புணிசன், தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டான் என்று 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டுக் கூறுகின்றது. அம்மலைப் பெயரும் அம்மக்கள் பெயரும் ஒருங்கே வரும் பழஞ்சான்று அது. தோடர் பனிக்காலத்தில் புல் கருகியபோது எருமைகளை மழைவளம் மிக்க குந்தாப் பக்கத்துப் புல்வெளிகளுக்கு ஓட்டிச் சென்றனர். ரிவர்சு 1906-இல் வெளியிட்ட நூலில் இவ்விடப்பெயர்ச்சி குறிக்கப்பட்டுள்ளது. நெடுநல்வாடையின் தொடக்கத்தில் மழையால் வருந்திய கோவலர் ஆனிரையை மேட்டுநிலத்திற்கு ஓட்டிச் சென்று, கொள்ளியில் கைகாய்ச்சி நடுங்கும் காட்சி வருகின்றது. அங்கு வெள்ளத்திற்கு அஞ்சி மேடு நாடல். இங்குப் பனியால் கருகிய புல்லை விட்டு ஈரம் நாடல். திசை வேறாயினும், பருவத்தை அறிபவர் ஆனிரை காப்போரே என்பது இரண்டிற்கும் ஒக்கும்.

படகர் வழக்கம் இன்னும் தெளிவானது. எட்கர் தர்சுட்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதியில், மார்ச்சுத் திங்களில் நிகழ்ந்த விதைப்புச் சடங்கு விரிவாக வருணிக்கப்பட்டுள்ளது. பிறை தோன்றுமுன் வரும் செவ்வாய்க்கிழமையில், விடியலுக்குப் பல நாழிகை முன்னரே, கோயிற் பூசகர் ஐந்து அல்லது ஏழு வகைத் தானியங்களைக் கூடையிலிட்டு, அரிவாளும் கொண்டு, ஏரும் எருதும் உடன்வரக் குறும்பர் ஒருவருடன் வயலுக்குச் செல்வார். குறும்பர் உடன்செல்லல் கருதற்குரியது. உழுதொழில் செய்யும் குடி, விதைக்கும் நாளில் காட்டுவாழ்நரின் துணையை வேண்டி நின்றது. வைகறைப் பனி குறைந்து, முதல் மழை இன்னும் வாராத அவ்விடைக்காலம், அதாவது பின்பனிக்கும் இளவேனிலுக்கும் நடுவண் உள்ள சில கிழமைகள், அவர்களுக்கு ஆண்டின் தொழில் தொடங்கும் வாயிலாக இருந்தது.

ஐரோப்பியர் வருகையோடு மலையின் பருவக்கணக்கு வேறாயிற்று. கோயம்புத்தூர் ஆட்சியர் சான் சலிவன் 1819-இல் மலையேறினார். பிரஞ்சு இயற்கை நூலறிஞர் இலெசனோ அதே ஆண்டில் உடல்நலம் தேடி அங்குச் சென்றார். நோயாளிகளுக்கு ஏற்ற இடமா என்பதே அன்று அரசின் கவலை; அதனால் வெப்பமானி கொண்டு அளந்து எழுதினர். மருத்துவர் பெய்க்கி 1834-இல் வெளியிட்ட நூல் அத்தகையது. பின்னர்ச் சென்னை அரசே வேனிலில் உதகைக்குக் குடியேறும் வழக்கம் ஏற்பட, 'பருவம்' என்னும் சொல் அங்கே ஏப்ரல், மே என்னும் இரு திங்களுக்கே பெயராயிற்று. மலர்க்கண்காட்சியும் மே திங்களிலேயே வைக்கப்பட்டது. சமவெளியின் வெப்பத்தைத் தப்பி வருவோர் கணக்கு அது. தளிரும் பனியும் ஒருங்கே நின்ற மலையின் உண்மையான இளவேனிலைக் கண்டோர் தொகை சிறிது.

அதனினும் பெரிய மாற்றம் நிலத்தின்மேல் நிகழ்ந்தது. 1840-களிலிருந்து தைலமரமும் சீகைமரமும் நடப்பட்டன. 1860-இல் சிங்கோனாவும், அதனைத் தொடர்ந்து தேயிலையும் பரவின. 20-ஆம் நூற்றாண்டில் பைக்காராவிலும் குந்தாவிலும் மின்னாக்கத்திற்காக நீர்த்தேக்கங்கள் எழுந்தன. பள்ளத்தாக்குகள் சில நீருள் ஆழ்ந்தன. புல்வெளி என்பது மரம் வெட்டப்பட்டு எஞ்சிய வெற்றிடம் என்று கருதி, அதில் மரம் நடுவதையே நன்மை என்று பலர் எண்ணினர். இக்கருத்து பிழை என்பதை இன்று ஐயமின்றிக் கூறலாம். வனத்துறை அறிஞர் அரங்கநாதன் 1938-இலேயே, புல்வெளியில் சோலைமரம் முளையாமைக்கு உறைபனியே காரணம் என்று எழுதினார். அதே ஆண்டில் போர் என்பார் தீயே காரணம் என்று மறுத்தார். சுகுமாரும் பிறரும் 1993-இல் மலைச்சதுப்புகளில் படிந்த கருஞ்சேற்றின் கரிமக் கூறுகளை ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்குப் புல்வெளி இருந்தமையை நிறுவினர். அதுல் சோசி, செயசிறீ இரத்தினம், மகேசு சங்கரன் ஆகியோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, சோலைமரக் கன்றுகள் திறந்த புல்வெளியின் பனியில் மடிவதையும், அயல்நாட்டுச் சீகைமரம் அதனைத் தாங்கி நிற்பதையும் காட்டிற்று. பனியே புல்லைக் காத்தது. பனியைப் பொறுக்கும் மரம் வந்தபின் அக்காவல் பயன்படவில்லை. காற்று வெம்மையுறின் எஞ்சிய காவலும் தளரும். பழனிமலைத் தொடரில் நாற்பது ஆண்டுகளுக்குள் புல்வெளியில் மூன்றில் இருபங்கு அழிந்தது என்று 2018-இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது.

இலக்கிய மாணவர்க்கு இது தொடர்பற்ற செய்தியன்று. நில ஆய்வு செய்து சங்கப் பாட்டுக்கு விளக்கம் காண வேண்டும் என்று நாம் அறிவுரை கூறுகின்றோம். மாணவரும் மலையேறிச் சென்று தாம் கண்டதை உரையாக்குகின்றனர். சீகைக் காட்டின் நிழலில் நின்றுகொண்டு புல்லின்மேல் பனி விழும் இரவைக் காண இயலாது. மரச்செறிவு வெப்பம் வெளியேறுவதைத் தடுத்துவிடும். தேயிலைச் சரிவில் நின்று தினைப்புனத்தின் பருவத்தை உய்த்துணர்தலும் அத்தகையதே. களத்தில் கண்டதைச் சான்றாகக் கொள்ளுமுன், அக்களத்தில் 1840-க்குப்பின் என்ன நடப்பட்டது என்பதை வனத்துறை ஏடுகளில் பார்த்தல் இன்றியமையாதது. முக்குறுத்திப் பகுதியில் எஞ்சிய புல்வெளிகளும், அவற்றை ஒட்டிய சோலைகளுமே இன்று ஓரளவு பழைய நிலையில் உள்ளவை. பின்பனிக் கடைநாள்களை அறிய விரும்புவோர் பெப்ரவரி மூன்றாம் கிழமை முதல் மார்ச்சு இறுதிவரை அங்கும், அதே நாள்களில் முதுமலைச் சரிவிலும், பனி, தளிர், இலையுதிர்வு, இலவமலர்ச்சி ஆகிய நான்கையும் நாள்தோறும் குறித்து வருதல் வேண்டும். தோடர் மொழியில் பருவத்தையும் அதனை அறிவிக்கும் மலர்களையும் குறிக்கும் சொற்களை அவற்றோடு சேர்த்துத் தொகுத்தல் தகும். எமனோ 1971-இல் வெளியிட்ட தோடர் பாடல்கள் தொகுதி அதற்கு முதற்படியாக அமையும்.